உடனே வெளியே வரவும்

அந்தப் படத்தை மறுபடியும் போடப்போகிறார்கள் என்று கார்த்திக் போனில் சொன்னபோது நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கார்த்திக் எங்கள் தியேட்டரை இப்போது பார்த்துக்கொள்கிற பையன், முதலாளியின் பேரன். ஓய்வு பெற்ற பிறகும் 'எங்கள் தியேட்டர்' என்றுதான் வாயில் வருகிறது, என்ன செய்ய. இராமநாதபுரத்தில் அந்தத் தியேட்டரின் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழித்தே என் ஆயுசில் பாதி போனது. என் பெயர் பாண்டியம்மாள். இப்போது முட்டிவலியும் நானுமாக வீட்டில் இருக்கிறோம்.

"பழைய குடும்பப் படம்மா. பிரிண்ட்டைச் சுத்தம் பண்ணி ரீ-ரிலீஸ் பண்றாங்க. மதுரையில பயலுக சும்மா கொண்டாடுறானுக" என்றான்.

"எந்த சீனுக்குக் கொண்டாடுறானுக?"

"அந்தக் கன்னத்துல அறையிற சீனுக்குத்தாம்மா. அதைத்தான் எல்லாரும் போன்ல வெட்டிப் போடுறாங்க."

நினைத்தேன். வேறு எதற்குக் கொண்டாடுவார்கள். படம் தொடங்குவதற்கு முன்னால் நான் மேடையேறி, அந்தக் காலத்தில் சனம் எப்படிக் கைதட்டியது என்று நாலு வார்த்தை பேச வேண்டுமாம், பொன்னாடை போர்த்துவார்களாம். அதோடு விட்டானா என்றால் இல்லை.

"அப்பல்லாம் படத்துக்கு நடுவுல சிலைடு போடுவீங்கள்லம்மா, இன்னார் உடனே வெளியே வரவும்னு. அதே மாதிரி போடப்போறோம். ஆன்லைன்ல டிக்கெட் எடுத்தவங்க பேர், ஊரெல்லாம் இருக்கும்ல, அதுல ஒண்ணு ரெண்டைக் கம்ப்யூட்டரே எடுத்துக்கும். வெளிய வர்றவங்களுக்கு ஒரு ஃபோட்டோ, ஒரு பாப்கார்ன்."

"பொம்பளைப் பேரைப் போடாத."

"ஏம்மா?"

"போடாதன்னா போடாத."

"ஜாலிக்குத்தானம்மா" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். குழம்பு பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. ஜாலியாம். வாயில் நன்றாக வந்தது, அடக்கிக்கொண்டேன். மேடையில் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் திருப்புல்லாணிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தெரிந்தவர் ஒருவர் சொல்லி இந்த வேலையில் சேர்ந்தேன். வேலையை யாரும் கற்றுத்தரவில்லை. டார்ச்சைக் கையில் கொடுத்து, "தரையைப் பாத்து அடி, மூஞ்சியப் பாத்து அடிக்காத" என்றார் மேனேஜர். அவ்வளவுதான் பயிற்சி.

அப்போது ஆண்களுக்குத் தனி வாசல், பெண்களுக்குத் தனி வாசல். உள்ளேயும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர். கைப்பிள்ளைக்காரிகளைக் கதவோரம் உட்கார வைக்க வேண்டும், பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்கு. கூடை, மூட்டை எல்லாம் என் ஸ்டூலுக்குக் கீழே. படம் ஓடும்போது ஆம்பளை எவனும் இந்தப் பக்கம் வரக்கூடாது. புருசனாக இருந்தாலும் சரி, முதலாளியாக இருந்தாலும் சரி. அது மேனேஜரின் சட்டம். அவரே அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வாசலுக்கு வெளியே நின்று, "தாயி" என்று ஒரு தரம் கூப்பிடுவார்.

மேனேஜர் சேதுராமன் அய்யாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்து அவர் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. புதுப்படம் வந்த அன்று ஆண்கள் பக்கத்துக் கதவுக்கு வெளியே திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, உள்ளங்கையைக் கதவுப்பலகையில் வைத்திருப்பார். கைதட்டலும் விசிலும் பலகையில் அதிரும். அதைக் கையால் பார்த்தே படத்துக்கு ஆயுசு சொல்லிவிடுவார். பிறகு என் பக்கம் வந்து, "பொம்பளைக அழுதாகளா தாயி?" என்று கேட்பார். அவர் கணக்கு ரொம்பச் சுலபம். ஆம்பளைகள் கைதட்டினால் இரண்டு வாரம். பொம்பளைகள் அழுதால் அஞ்சு வாரம். இரண்டும் ஒரே சீனில் நடந்துவிட்டால் நூறு நாள்.

அந்த ஒரே சீன்தான் இந்த அறை சீன். கதையை நான் சொல்ல வேண்டியதே இல்லை, உங்களுக்கே தெரியும். பணக்கார வீட்டுப் பெண், வாய்த்துடுக்குக்காரி. மாமியாரை எதிர்த்துப் பேசுவாள். புருசன் பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பான். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கன்னத்தில் ஒன்று விடுவான். அத்தோடு அவளுக்குப் புத்தி வந்துவிடும். இடைவேளை முடிந்து பார்த்தால் புடவையும் பெரிய பொட்டும் காலையில் கோலமுமாக நிற்பாள். கடைசியில் காலில் விழுவாள், சுபம். இந்தக் கதையில் எத்தனை படத்துக்கு டிக்கெட் கிழித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. பெயரைச் சொன்னால் நீங்கள் சண்டைக்கு வருவீர்கள், வேண்டாம்.

அறை விழுந்ததும் ஆண்கள் பக்கம் கூரை பறக்கும். நான் என் பக்கத்தைப் பார்ப்பேன். அங்கே எவளும் அழ மாட்டாள். பேசிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்துவாள். முறுக்குத் தின்றவள் வாயை அசைக்க மாட்டாள். சிலபேர் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொள்வார்கள், குளிரே இல்லாத மே மாதத்தில். பிள்ளை வைத்திருப்பவள் பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

"அழுதாகளா தாயி?"

"அழுகலய்யா. கப்புச்சிப்புன்னு இருக்காக."

"அது அழுகைக்கு மேல. நூறு நாள் தாண்டும்" என்று சந்தோசமாகப் போய்விடுவார்.

அவருக்கு எப்படி விளங்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏய்யா, இந்த மாதிரி அடிக்கிற படத்தையே எடுத்துப் போடுறீகளே, வேற படமே கிடைக்காதா?" அவர் கோபப்படவில்லை. "தாயி, அவுக வீட்டுல இல்லாததையா காட்டுறான்? ஊர்ல உள்ளதத்தான் படத்துல வைக்கிறான்" என்றார். ஊரில் உள்ளதைத்தான் வைக்கிறானாம். ஊரில் அறை வாங்கினவள் மறுநாள் புதுப்புடவை கட்டிக் கோலம் போடுவதை இவர் எங்கே பார்த்தார் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கேட்டில் கூட்டம் வந்துவிட்டது.

ஜெசிந்தா அந்தக் காலத்தில்தான் வர ஆரம்பித்தாள். மண்டபத்துக்காரி. கருவாட்டுக் கூடையோடு காலையில் பஸ் ஏறி இராமநாதபுரம் வந்து விற்றுவிட்டு, மேட்னிக்கு வருவாள். தனியாக வருவாள். தனியாகப் படத்துக்கு வருகிற பொம்பளையை அப்போது ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். அதோடு கூடை வாடை வேறு. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முனகுவார்கள். கூடையை நான் வாங்கி வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிடுவேன்.

உள்ளே போனதும் அவள் தூங்கிவிடுவாள். பேர் போடும்போது கண்ணை மூடினால் விளக்குப் போட்டு நான் எழுப்புகிற வரைக்கும் அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம். ஒரே படத்துக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை வந்து, கதை தெரியாமல் போன ஒரே ஆள் அவள்தான்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. "ஏத்தா, படம் பாக்க வாரியா, படுக்க வாரியா? காசு என்ன மரத்துலயா காய்க்குது?" என்றேன்.

"வீட்டுல தூங்க ஏலாதுக்கா" என்றாள்.

மேற்கொண்டு கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது. விளக்கு வெளிச்சத்தில் அவள் கழுத்தில் விரல் பதிந்த தடத்தைப் பார்த்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்துத்தான் அவள் வருகிற கிழமையின் கணக்கு பிடிபட்டது. அங்கே விசைப்படகு தினமும் கடலுக்குப் போகாது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்கிற மாதிரி, விசைப்படகுக்கு ஒரு கிழமை, நாட்டுப்படகுக்கு ஒரு கிழமை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அவள் புருசன் சேவியர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். அவன் கடலில் இருக்கிற ராத்திரி அவள் வீட்டில் தூங்குவாள். அவன் கரையில் இருக்கிற நாளில் எங்கள் தியேட்டரில் தூங்குவாள். பிறகு பார்த்தால் அவள் மட்டுமில்லை. கடற்கரையிலிருந்து தனியாக வருகிற பொம்பளைகள் இன்னும் சிலபேருக்கும் அதே கிழமைகள்தான்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விசைப்படகு எல்லாமே நாள்கணக்கில் கரையில் கிடக்கும். அப்போது மேட்னிக்கு என் பக்கம் நிறையும். மேனேஜர் அய்யா கையைத் தேய்த்துக்கொண்டு, "தடைக்காலத்துல குடும்பப் படம் போட்டா தவறாம ஓடும் தாயி. ஏன்னு தெரியல, நம்ம கைராசி" என்பார். கைராசியாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பேன்.

அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் அந்தப் படம் ஓடியது, இப்போது மறுபடி வருகிற அதே படம்.

சிலைடு எப்படிப் போடுவார்கள் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. சின்னக் கண்ணாடித்துண்டை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டினால் கரி பிடிக்கும். அதில் ஊசியால் எழுத்தைக் கீறி, மிஷினுக்கு முன்னால் செருகினால் திரையில் எழுத்து வெள்ளையாக விழும். இன்ன ஊர் இன்னார் உடனே வெளியே வரவும். சாவுச் செய்தி, பிரசவவலி, கடைசி பஸ் போகப்போகிறது, எல்லாம் அப்படித்தான் வரும். செல்போன் இல்லாத சனத்துக்கு அது பெரிய உபகாரம். மேனேஜர் அய்யா அதற்குக் காசு வாங்கியதில்லை. வந்த ஆளிடம் என்ன விசயம் என்று ஒரு வார்த்தை கேட்பார், ஆபரேட்டருக்குச் சொல்லி அனுப்புவார்.

அன்றைக்கு அவரிடம் வந்து நின்றவன் சேவியர். இவள் தியேட்டருக்குள் போவதை ஊர்க்காரன் எவனோ பார்த்துச் சொல்லியிருக்கிறான். சேவியர் சத்தம் போடவில்லை. முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு, "பிள்ளைக்குக் காய்ச்சல் கூடி கை கால் இழுத்து வெட்டு வந்திருச்சுங்கய்யா. ஆத்தாளக் கூப்பிட்டு விடுங்க" என்றிருக்கிறான். பிள்ளை விசயம் என்றதும் அய்யா பதறிவிட்டார். நான் இந்தப் பக்கம் வாசலில் இருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது.

திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேலே வந்து விழுந்தது: மண்டபம் ஜெசிந்தா உடனே வெளியே வரவும்.

அவளே தூங்குகிறாளே, பார்க்க மாட்டாள், நாம் போய் முதலில் வெளியே யார் என்று பார்த்துவிடலாம் என்று திரும்பினேன். ஆனால் எங்கள் சனம் சும்மா இருக்குமா? பக்கத்தில் இருந்த ஒரு நல்ல மனுசி அவளை உலுக்கி எழுப்பிவிட்டாள். "ஏத்தா கருவாட்டுக்காரி, ஒம் பேரு ஜெசிந்தாதான? எந்திரி, எந்திரி, ஒன்னத்தான் கூப்பிடுறாக." முன்னால் இருந்தவள் வழி விட்டாள். இன்னொருத்தி அவள் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அத்தனைபேரும் நல்லவர்கள். ஒருத்தர் தப்பாமல் உதவி செய்து அவளை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

நான் கையைப் பிடித்தேன். "இரு. நான் பாத்துட்டு வாரேன்."

"பிள்ளைக்கு என்னமோக்கா. விடுங்க."

"அவனா இருந்தா என்ன செய்வ? இருன்னு சொல்றேன்ல."

"பிள்ளைக்கா" என்று கையை உதறிக்கொண்டு ஓடினாள். அவள் பிள்ளை அப்போது கைக்குழந்தை, அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

சேவியர் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றிருந்தான். நான் பின்னாலேயே போனேன், ஆனாலும் எட்டவில்லை. சினிமாவில் அறைந்தால் இடி இடிக்கும், எதிரொலி வரும். நிஜ அறைக்கு அவ்வளவு சத்தம் கிடையாது, சப்பாத்தி மாவைத் தட்டினால் வருகிற சத்தம்தான். அடுத்து காதைக் கம்மலோடு பிடித்து இழுத்துவிட்டான். காதுமடல் கிழிந்து ரவிக்கையெல்லாம் ரத்தம். அவள் அழவில்லை. "பிள்ளைக்கு என்ன, பிள்ளைக்கு என்ன" என்று அவனையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்த கூட்டம் அங்கே நின்றது. உள்ளே அறைக்குக் கைதட்டுகிற அதே ஆட்கள்தான். இங்கே கைதட்டவும் இல்லை, கையை நீட்டித் தடுக்கவும் இல்லை. நான் கத்தினேன். ஒருத்தர், வயதில் பெரியவர்தான், "புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அடிக்கிற கைதான் அணைக்கும். நீ ஏம்மா நடுவுல?" என்று எனக்குப் புத்தி சொன்னார். அந்த மூஞ்சியை இன்றைக்குப் பார்த்தாலும் அடையாளம் காட்டுவேன்.

மேனேஜர் அய்யா ஓடி வந்தார். அவர் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். ரத்தத்தைப் பார்த்ததும் ஒரு நிமிசம் அப்படியே நின்றுவிட்டார். பிறகு குரலை உயர்த்தாமல் சேவியரிடம் கேட்டார்.

"டிக்கெட் இருக்கா?"

"எம் பொண்டாட்டியக் கூப்பிட எனக்கு எதுக்குய்யா டிக்கெட்டு?"

"அந்தப் பிள்ளைகிட்ட டிக்கெட் இருக்கு. ஆட்டம் இன்னும் முடியல. முடியிற வரைக்கும் அது எம் பொறுப்பு. நீ கேட்டுக்கு வெளிய போ."

"நீ யாருய்யா எங்க குடும்பத்துக்குள்ள..."

"பிள்ளைக்கு வெட்டுன்னு எங்கிட்டயே பொய் சொன்னேல்ல?" என்றார். ஆண்கள் பக்கத்துக் கேட்காரரும் சைக்கிள் ஸ்டாண்ட்காரரும் சேர்ந்து சேவியரை வெளியே தள்ளிக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். அய்யா என்னைப் பார்த்து, "உள்ள கூட்டிட்டுப் போ தாயி" என்றார். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் காதைக் கழுவினேன். என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று நாலைந்து தடவை சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. உள்ளே கடைசி சீன் வசனம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இத்தன தடவ வந்திருக்கேன், முடிவு என்னன்னே தெரியாதுக்கா. என்ன ஆகுது அவளுக்கு?" என்று கேட்டாள்.

எனக்கு இருந்த ஆத்திரத்தில், "என்ன ஆகும், புருசன் கால்ல விழுகுறா. சுபம்" என்றேன்.

"விழுந்தப்புறம்?"

"விழுந்தப்புறம் என்ன, லைட்டப் போட்டுருவோம்."

"அதுக்கப்புறந்தானக்கா கேக்கேன்" என்றாள்.

இத்தனை வருடத்தில் எந்தப் படமும் எனக்கு அதைச் சொன்னதில்லை. படம் எடுக்கிறவன் எவனுக்கும் அதற்கு மேல் ஒரு ரீல்கூட மிச்சமில்லை போலிருக்கிறது.

லைட்டைப் போட்டோம். சேவியர் எதிர்த்த டீக்கடையில் நிற்பது தெரிந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது, இனிமேல் அவள் யார் பொறுப்பு? அய்யா வாசலில் நின்று, "தாயி, அந்தப் பிள்ளை அடுத்த ஆட்டத்துக்கும் இருக்கட்டும்" என்றார். சொந்தத் தங்கச்சியையே டிக்கெட் இல்லாமல் விடாத மனுசன். அடுத்த ஆட்டம் பாதியில் சேவியர் குடிக்கப் போய்விட்டான். பின்வாசல் வழியாக அவளை என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

இது சினிமாவாக இருந்தால் இங்கே பாட்டுப் போட்டு அவளை டீச்சராக்கியிருப்பார்கள். நடந்தது வேறு. மறுநாள் அவள் அம்மா வந்தாள். ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். சேவியர் மாதா மேல் சத்தியம் செய்தான். அவள் திரும்பிப் போனாள். தடைக்காலம் முடிவதற்குள் மறுபடியும் மேட்னிக்கு வந்து தூங்கினாள். நான் கூடையை வாங்கி வைத்தேன். ஒரே எரிச்சல் எனக்கு. அவள் மேலா, அவள் ஊர் மேலா, திரையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் மேலா என்று கேட்டால் எல்லார் மேலும்தான்.

அய்யா மட்டும் ஒன்று செய்தார். பொம்பளைப் பேரில் இனிமேல் சிலைடு கிடையாது என்றார். எந்தப் பொம்பளையைத் தேடி யார் வந்தாலும் எனக்குத் தகவல் வரும். நான் டார்ச் வாயைக் கையால் பொத்தி, விரலிடுக்கில் வருகிற வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் போவேன். பெயரைக் கூப்பிட மாட்டேன். ஆளைக் கண்டுபிடித்துக் காதோடு சொல்வேன்: "வெளிய ஒருத்தர் நிக்கிறாரு. நீலச் சட்டை, மீசை இருக்கு. என்ன சொல்லட்டும்?" வருகிறேன் என்றால் கூட்டி வருவேன். தலையை ஆட்டினால் வெளியே போய், "அப்படி யாரும் இல்ல" என்பேன். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த வாசலில் எத்தனை புருசன்மார், அண்ணன்மார், அப்பன்மார் முகத்துக்கு நேரே அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன். ஒரு பொய்க்குக்கூட நான் வருத்தப்பட்டதில்லை.

அதற்காக அய்யா திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அந்தப் படத்தை நூறு நாள் ஓட்டித்தான் எடுத்தார். கதவில் கை வைத்து நிற்பதை மட்டும் விட்டுவிட்டார். இப்போது அவர் இல்லை.

பிறகு படங்கள் மாறின என்கிறார்கள். என்ன மாறியது? ஒருத்தியைக் கால்மணி நேரம் போட்டு அடிப்பதை ஒவ்வொரு அடியாக நிறுத்தி நிதானமாகக் காட்டுகிறார்கள். எதற்கு என்றால் கதாநாயகன் வந்து அடித்தவனைத் திருப்பி அடிப்பதற்கு. அடிபட்டவள் அதற்குள் செத்திருப்பாள், அவளை யாருக்கும் ஞாபகம் இருக்காது. இன்னும் சில படத்தில் பெண்ணே திருப்பி அடிக்கிறாள். நல்லதுதான், நானும் எழுந்து பார்த்தேன். ஆனால் கைதட்டுகிறவன் முகத்தைப் பார்த்தால் பழைய முகம்தான். யார் அடித்தாலும் சரி, அடிக்குத்தான் கைதட்டு. அடிக்காமல் ஒரு குடும்பம் ஓடினால் அந்தப் படம் ஓடாது போல.

ஜெசிந்தா எப்படி வெளியே வந்தாள் என்றால், கேட்டால் சப்பென்றிருக்கும். பிள்ளை நடக்கிற பருவத்தில், சேவியர் கடலுக்குப் போன ஒரு நாளில், பிள்ளையையும் ஒரு அண்டாவையும் கருவாட்டுக் கூடையையும் தூக்கிக்கொண்டு உச்சிப்புளியில் ஒரு ஓட்டு வீட்டுக்கு வாடகைக்குப் போய்விட்டாள். வசனம் எதுவும் பேசவில்லை. அவன் வந்து கத்தினான். ஊர் பேசியது. மகள் படித்து இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். சேவியர் இருக்கிறானா இல்லையா என்று ஜெசிந்தாவிடம் கேட்டால், "இருப்பான்" என்பாள். இதை யாராவது படமாக எடுப்பார்களா? அறையும் இல்லை, பாட்டும் இல்லை.

அவளிடம் ரீ-ரிலீஸ் சங்கதியைச் சொன்னேன். எரிச்சலைக் கொட்டத்தான் போன் செய்தேன். அவளோ, "போவோமாக்கா?" என்றாள்.

"ஒனக்குக் கிறுக்கா?"

"முடிவு பாக்கலையே."

மகள்தான் போனிலேயே எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தாள். அம்மா பெயரையும் அவள் பழைய ஊரான மண்டபத்தையும் போட்டு எடுத்தாள் என்பது எனக்குத் தெரியாது.

மேடைக்கு வர முடியாது என்று கார்த்திக்கிடம் சொல்லிவிட்டேன். இப்போது தியேட்டரில் பெண்கள் பக்கமும் இல்லை, இடுப்புச் சுவரும் இல்லை. எல்லாரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ஜெசிந்தா. தலை நரைத்திருந்தது. கிழிந்து ஆறிய காது ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது, மறு காதில் கம்மல். இந்தத் தடவை அவள் தூங்கவில்லை.

அறை வந்தது. பையன்கள் எழுந்து நின்று கத்தினார்கள். போன் வெளிச்சமெல்லாம் ஆடியது. கூட்டத்தில் பெண்பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு படம் பிடித்தார்கள். ஆனால் எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பொண்ணு, கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், துப்பட்டாவை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். ஏசி குளிராகக்கூட இருக்கலாம். நான் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தை நிறுத்தி சிலைடு போட ஆரம்பித்தார்கள். கேணிக்கரைக்காரப் பையன் யாரோ ஒருவன் பெயர் வந்தது. அவன் குதித்துக்கொண்டு ஓடினான், எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து, கரி பிடித்த கண்ணாடி மாதிரியே செய்து, ஊசியால் கீறின மாதிரி எழுத்தில் வந்தது: மண்டபம் ஜெசிந்தா உடனே வெளியே வரவும்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு விட்டுவிட்ட அதே கையை இன்றைக்கு நகம் பதியப் பிடித்திருந்தேன் போல. "ஏய் ஜெசிந்தா" என்று பின்னால் பையன்கள் கூவினார்கள். கார்த்திக் மைக்கோடு எங்கள் வரிசை ஓரம் வந்து போன் வெளிச்சத்தை முகத்துக்கு நேரே அடித்தான்.

"இந்த சீட்டுதான காட்டுது. யாரும்மா ஜெசிந்தா? வெளிய வாங்க, ஃபோட்டோ எடுக்கணும்."

முட்டி வலியோடு நான் எழுந்து நின்று அவளை மறைத்துக்கொண்டேன். வாய் தானாகச் சொன்னது. "அப்படி யாரும் இல்ல."

"இல்லம்மா, சீட் நம்பர்..."

"அப்படி யாரும் இல்லன்னு சொல்றேன்ல. போ அங்கிட்டு."

பின்னாலிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது. அவள் சத்தமாகப் பேசவில்லை. ஆனாலும் கார்த்திக் கையில் இருந்த மைக் அதை வாங்கித் தியேட்டர் முழுக்கச் சொன்னது.

"இங்கனதான் இருக்கேன் தம்பி. ஆனா வரமாட்டேன்."

சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்னவென்று புரியவில்லை. கார்த்திக்குக்கும் புரியவில்லை. வெளிச்சத்தைத் தரையைப் பார்த்து இறக்கினான். அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கக்கா, படம் மறைக்கும்."

உட்கார்ந்தேன்.